நீரில் ஓடும் சைக்கிள்

சென்ற சோளகக் காலத்திலே என் வலது முழங்கால் என்னைக் கைவிட்டது. மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வழியை என் பழைய றலி சைக்கிளிலேயே போய் வந்தவன் நான். காற்றை எதிர்த்து மிதித்துச் சென்ற ஒரு காலையில், ஆனைக்கோட்டைக்கு அப்பால், கால் மேலெழ மறுத்துவிட்டது. வைத்தியர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இனிச் சைக்கிளைப் பேரனுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அந்தத் தீர்ப்பை அன்றிரவே நிறைவேற்ற என் மனைவி முற்பட்டாள். சைக்கிள் திறப்பு அவளுடைய சேலைத் தலைப்பில் முடிச்சாகிவிட்டது.

சைக்கிளை இழப்பது என்றால் என்னவென்று நம்மவர்க்கு நான் விளக்கவேண்டியதில்லை. தொண்ணூறுகளிலே மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்ட குடும்பங்கள் எத்தனை! 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக வரிசையில் நாட்கணக்கிற் காத்துக் கிடந்தபோது, சைக்கிள் குதிரை விலைக்குப் போனதையும் கண்டோம். அப்பொழுதெல்லாம் என் றலி வீட்டுக்குள்ளேதான் உறங்கியது. முற்றத்தில் விடத் துணியவில்லை.

பாரிசில் இருக்கும் என் தம்பியின் மகனுக்கு முழங்காற் செய்தி எட்டியதும் அவன் ஒரு படம் அனுப்பினான். பார்வைக்குச் சாதாரண சைக்கிள். சட்டத்தின் நடுவே மட்டும் சற்றுப் பருமன். "பெரியப்பா, இது ஐதரசனில் ஓடுவது. இரண்டு நிமிடத்தில் நிரப்பினால் நூறு கிலோமீற்றர் போகலாம். புகை இல்லை, நீர்தான் வெளியேறும். பணத்தை நான் அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தான்.

அவன் சொன்னது புளுகன்று. பிரான்சின் தென்மேற்குக் கரையிலுள்ள பியாரிற்ஸ் நகரத்து 'பிறக்மா' என்னும் நிறுவனம் அத்தகைய சைக்கிள்களைச் செய்து விற்றது. 2019 ஓகஸ்டில் அந்நகரில் ஜி7 நாடுகளின் மாநாடு கூடியபோது அவை அங்கே ஓடின. அதற்கு முன்பே, 2015இல், ஜேர்மனியின் லின்டே நிறுவனம் 34 கிராம் ஐதரசனில் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடும் மாதிரி ஒன்றைச் செய்து காட்டியிருந்தது. தத்துவமோ இன்னும் பழையது. நீரை மின்சாரத்தாற் பிரித்தால் ஐதரசனும் ஒட்சிசனும் பிறக்கும். அவ்விரண்டையும் மீண்டும் சேரவிட்டால் நீரும் மின்சாரமும் பிறக்கும். இதனை வில்லியம் குறோவ் என்னும் வழக்கறிஞர் 1839 அளவிலேயே செய்து பார்த்தார். எரிபொருட் கலம் என்று இன்று சொல்லப்படுவது அதன் வழி வந்ததுதான். கலம் தரும் மின்சாரம் ஒரு சிறிய மோட்டாரைச் சுழற்ற, அது நம் மிதித்தலுக்குத் துணை செய்கிறது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் ஆகையால் எனக்கு இவை புதியனவல்ல. ஆயினும் கடிதத்தை என்னைவிட ஆர்வமாக வாசித்தவன் உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகளின் மகன். "அம்மப்பா, காசு எதற்கு? கூரையிற் சூரியத் தகடு இருக்கிறது, கிணற்றில் நீர் இருக்கிறது. ஐதரசனை நாமே செய்தால் என்ன?" என்றான்.

"சரிவராது" என்றேன் நான். ஏன் சரிவராது என்று சொல்லவில்லை. வகுப்பறையிலும் எனக்கு இந்தக் குறை இருந்தது. நேரம் போதாதபோது விடையை மட்டும் கொடுத்துவிட்டுக் கரும்பலகையை அழித்துவிடுவேன். பேரன் எதிர்த்துப் பேசாமல் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு அவன் முகங்கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் நானே குசினிக்குப் போய் அப்பச்சோடா எடுத்துவந்தேன். மனைவி பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன். இரண்டு பென்சில் கரிகள், பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று, கண்ணாடிப் பாத்திரம், சோதனைக் குழாய் ஆகியவற்றை விறாந்தையில் ஒழுங்கு செய்தோம். குமிழிகள் எழுந்தன. கால் மணி நேரத்தில் இருபது மில்லிலீற்றர் வாயு சேர்ந்தது. குழாயின் வாயிலே தீக்குச்சியைக் காட்ட, 'டப்' என்ற ஒலி. பையனின் முகத்தில் வந்த மகிழ்ச்சி, ஐதரசனை 1766இல் இனங்கண்ட கவென்டிஷ் அடைந்த மகிழ்ச்சிக்குக் குறைந்ததாக இராது.

"இனிக் கணக்கு" என்றேன். 34 கிராம் ஐதரசன் சாதாரண அமுக்கத்தில் ஏறத்தாழ 400 லீற்றர் இடம் பிடிக்கும். எண்ணெய்ப் பீப்பாய் இரண்டு! நம்முடைய குழாயால் அதை நிரப்ப இருபதாயிரம் தடவை, தடவைக்குக் கால் மணி. இரவு பகலாக ஏறத்தாழ ஏழு மாதம். பேரன் சிரித்தான். ஆனால் அவன் விடுகிறவன் அல்லன். "பெரிய கருவி வாங்கினால்?" என்றான். வாங்கலாம். ஆனால் இரண்டு பீப்பாயை ஒரு போத்தலுக்குள் அடக்க, வளிமண்டல அமுக்கத்தைப்போலச் சில நூறு மடங்கு அமுக்கம் வேண்டும். அதற்கு அமுக்கியும், அதனைத் தாங்கும் உறுதியான கொள்கலமும் வேண்டும். சீனத்தில் வாடகைச் சைக்கிள்களுக்கு, குறைந்த அமுக்கத்தில் உலோகக் கலவை ஒன்று உறிஞ்சி வைத்திருக்கும் ஐதரசனைப் பயன்படுத்துகிறார்கள். அது பாதுகாப்பானது, ஆனால் பாரம். ஐதரசனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரிவதே அரிது. காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்த அளவிற் கலந்தாலும் தீப்பற்றும். 1937 மே மாதம் அமெரிக்காவில் ஹின்டன்பேர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் மாண்டனர். நம்முடைய விறாந்தை அத்தகைய விஷப்பரீட்சைக்கு உகந்த இடமன்று.

ஆபத்தையும் ஒரு புறம் வைப்போம். என் மனத்தை உண்மையில் மாற்றியது வேறொரு கணக்கு. 34 கிராம் ஐதரசனை நீரிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 1.8 யூனிற் மின்சாரம் செலவாகும். அதனை எரிபொருட் கலத்திலே செலுத்தினால் மீண்டு வருவது ஏறத்தாழ அரை யூனிற்தான். எஞ்சியது வெப்பமாகப் போகிறது. அதே 1.8 யூனிற்றை லிதியம் பற்றரியில் ஏற்றினால் ஒன்றரை யூனிற்றாவது சக்கரத்துக்கு வரும். ஒரு சைக்கிள் ஓடுகிற செலவில் மூன்று ஓடும்! விலையையும் சொல்லவேண்டும். 2018 அளவில் அந்தப் பிரெஞ்சுச் சைக்கிள் ஒன்று ஏறத்தாழ 7,500 யூரோ. நிரப்பும் நிலையம் ஒன்று ஏறத்தாழ 30,000 யூரோ. வாங்கியவை நகரசபைகளும் நிறுவனங்களும். அதில் நியாயம் உண்டு. நாள் முழுவதும் கைமாறி ஓடும் ஐம்பது சைக்கிள்கள் ஓரிடத்தில் இருந்தால், ஒவ்வொன்றையும் நாலைந்து மணி நேரம் மின்னேற்றக் காத்திராமல் இரண்டு நிமிடத்தில் நிரப்பி அனுப்புவது பெரிய வசதி. கடுங்குளிரிற் பற்றரி சோர்வதுபோன்ற தொல்லையும் குறைவு. ஆனால் மானிப்பாயில் குளிரும் இல்லை. இரவு முழுவதும் என் சைக்கிளுக்கு உறங்குவதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

கணக்கு முடிந்ததும் பேரன் கொப்பியை மூடாமல் உள்ளே போனான். நான் பக்கத்தைப் புரட்டினேன். நான் 'சரிவராது' என்று சொன்ன அன்றே எழுதியிருக்கவேண்டும். "அம்மப்பா: 68 கிலோ. போய்வர: 16 கி.மீ. எதிர்க்காற்று: ?" என்று இருந்தது. பரீட்சைக்கான முயற்சி என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! வைத்தியர் சொன்னபோது அவன் என் பின்னாலே நின்றவன் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் கேள்விக்குறியை இருவருமாகச் சேர்ந்து நிரப்பினோம். காற்றையும் சேர்த்துக் கிலோமீற்றருக்குப் பத்து வாற்று மணி என்று வைத்தால், போய்வர ஒரு யூனிற்றின் ஆறிலொரு பங்கே போதும். அதற்கு நூறு கிலோமீற்றர்ச் சைக்கிள் எதற்கு? தம்பியின் மகனுக்கு அன்றிரவே எழுதினேன்: ஐதரசன் வேண்டாம், பழைய சைக்கிளிற் பொருத்தக்கூடிய சிறு மோட்டாரும் பற்றரியும் எவ்வளவு என்று விசாரித்துச் சொல். மனைவி திறப்பை இன்னும் தரவில்லை. ஆனால் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

நேற்றுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தியிலுள்ள திருத்தகத்துக்குப் போனோம். கடைக்காரர் பின் கவையை இருபுறமும் தட்டிப் பார்த்தார். பிறகு பிறேக்குக் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

"சட்டம் தாங்கும், மாஸ்டர், பிறேக்குத்தான் தாங்காது. வியாழக்கிழமை விட்டுவிட்டுப் போங்கள்."