விசிறி தந்த பாடம்

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

பெரியதெல்லாம் நல்லது என்று எண்ணுவது மனித இயல்பு. அந்த எண்ணம் எனக்குத் தந்த பாடத்தைக் கேளுங்கள்.

சென்ற விடுமுறையில் ரேடியோ அலையால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்று செய்தேன். அதன் மோட்டார், அண்ணன் ஓவர்டைம் பணத்தில் வாங்கித் தந்தது. உடன் வந்த தாளில் ‘9×6 புரொப்பெல்லர்’ என்றிருந்தது. முதல் எண் விசிறியின் விட்டம். அடுத்தது, ஒரு சுற்றில் அது திருகாணிபோல் முன்னேற வேண்டிய தூரம். இரண்டும் அங்குலக் கணக்கு. விட்டம் கூடினால் இழுவை கூடும். இரண்டாம் எண் கூடினால் வேகம் கூடும். இழுவைக்கு ஆசைப்பட்டு 11×6 மாட்டினேன்.

அதை அதே வேகத்தில் சுழற்ற இருமடங்குக்கு மேல் திறன் வேண்டுமென்று நான் கணக்கிடவில்லை. மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடித்தது; நடுவானில் நின்றது. ஒருவாறு தரையிறக்கிப் பார்த்தால், கம்பிச்சுற்று கருகிய நாற்றம்!

அண்ணன் திட்டவில்லை. “தாளைப் படிச்சியாடா?” என்று மட்டும் கேட்டார். மோட்டாரின் சூட்டைவிட அதுதான் சுட்டது.

பின்னர்தான் ரைட் சகோதரர்களைப் பற்றிப் படித்தேன். 1903இல் அவர்கள் எட்டரை அடி விசிறிகளைப் பூட்டினார்கள். ஆனால் சங்கிலி, பற்சக்கரங்களால் வேகத்தைக் குறைத்து, இயந்திரத்தின் வலுவுக்கேற்பச் சுழலவிட்டார்கள். பெரிய விசிறி குற்றமன்று. கணக்கில்லாத ஆசையே குற்றம்.

இப்போது டியூஷன் பணத்தில் வேறு மோட்டார் வாங்கியிருக்கிறேன். விசிறி மாற்றினால், முதலில் விமானத்தைத் தரையில் கட்டி மின்னோட்டத்தை அளக்கிறேன். பிறகே வானம்!