விடுபட்ட இரவுக் குளிசை

டொக்டருக்கு நான் பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல, கேட்ட போதெல்லாம்.

என் மகனுக்கு வலிப்பு. காலையும் இரவும் சோடியம் வல்புரோயேற் குளிசை. 2022இல் மருந்துக்கும் பெற்றோலுக்கும் நாடே அலைந்தபோது, இருந்ததை வைத்து நாள்கடத்த இரவுக் குளிசையை இடைக்கிடை விட்டேன். அந்த வருடத்தின் தலையில் முழுப்பழியையும் போட எனக்கு மனமில்லை. கிளினிக்கில் மருந்து ஒழுங்காகக் கிடைத்த பிறகும் விட்டேனே! நித்திரையான பிள்ளையை எழுப்பப் பஞ்சி. மாமியாட்கள் வந்து நின்றால், குளிசை அட்டை அவர்கள் கண்ணில் படக்கூடாதென்ற வெட்கம். நல்லூர்த் திருவிழா நாட்களில் நேரம்செல்ல வீடு திரும்பி, அப்படியே படுக்க விட்டுவிடுவேன். நித்திரையும் இல்லை, மருந்தும் இல்லை. விடியப்புறம் கைகால் இழுக்கும். உடனே 1990க்கு அடிப்போம். 2018இல்தான் வடக்குக்கு வந்த அம்புலன்ஸ் சேவை அது. அந்நேரம் அந்த வண்டி வேறொரு பிள்ளைக்குத் தேவைப்பட்டிருக்கும்.

"குளிசை ஒழுங்காக் குடுக்கிறியளோ அம்மா?"

"ஓம் டொக்டர், ஒருநாளும் விடேல்லை."

முழு மருந்தும் கொடுத்தும் வலிப்பு வருகிறதென்றால் அளவு போதவில்லை என்றுதானே எந்த டொக்டரும் நினைப்பார்? கூட்டி எழுதினார். பயத்தில் நானும் கொஞ்சக்காலம் தவறாமல் கொடுத்தேன். பிள்ளை பகலிலும் தூங்கி வழிந்தான். விரல் நடுங்கி, கொப்பியில் எழுத்து கோடு விட்டு இறங்கியது. "சோம்பேறி" என்று ஏசினேன். என் பொய்யைத்தான் அவன் விழுங்கிக்கொண்டிருந்தான்.

சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகன் அந்த 70இல் ஒருவனா என்று பார்க்கவே நான் இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் ஒருநாள், லாச்சிக்குள் மிஞ்சிக் கிடந்த அட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் கிளினிக் மேசையில் வைத்தேன். டொக்டர் ஏசவில்லை. அளவைக் குறைத்து எழுதினார். முதல் நாளே சொன்னதை மறுபடி சொன்னார்: சரித்துக் கிடத்துங்கோ, வாய்க்குள் ஒன்றும் வைக்காதேங்கோ, மணியைப் பாருங்கோ, ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்பமுதல் மறுபடி வலிப்பு வந்தால், உடனே கொண்டுவாங்கோ. முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு வந்தும், இழுக்கிறபோதெல்லாம் அவன் கையில் இரும்புத் திறப்பைத் திணித்துக்கொண்டு கத்தியவள் நான்.

இப்போது இரவுச் சாப்பாட்டோடு குளிசை, மாமியாட்கள் முன்னாலேயே. வகுப்பு ரீச்சருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியோடு திங்கட்கிழமை போகிறேன்.