தடிக்குள் ஓடும் வரிகள்

திருவள்ளூரில் கையால் பேனா கடையும் அந்தச் சிறிய பட்டறைக்குள் காலை வைத்ததும் கந்தக நெடி மூக்கில் ஏறியது. எபோனைட் கடையும் இடத்தில் இது இருந்தே தீரும். ரப்பரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து, மணிக்கணக்கில் வேகவைத்து இறுக்கிய பொருள் அது. 1851-இல் நெல்சன் குட்இயர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பிளாஸ்டிக் தலையெடுக்கும் வரை மைப்பேனாவுக்கு உடம்பு என்றால் பெரும்பாலும் எபோனைட்தான்.

கடைசல்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். மூலையில் கிடந்த தடிகளில் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். சொரசொரப்பான, அழுக்கேறிய ஒரு கருங்கோல். இதிலா அலங்காரம் என்றுதான் தோன்றும். ஈரத்துணியால் அவர் ஒரு துடை துடைத்ததும் கறுப்புக்கு நடுவே பச்சை வரிகள் தெரிந்தன. வெவ்வேறு நிற ரப்பரை அடுக்கிச் சுருட்டி, அதன் பிறகு வேகவைப்பதால், நிறம் தடியின் உள்வரை ஓடுகிறது.

“மேல தெரியிற வரி ஒண்ணு, உள்ள இருக்கிறது ஒண்ணு சார். எவ்வளவு எடுத்தா எது வரும்னு கைக்குத்தான் தெரியும்” என்றார்.

தடி லேத்தில் சுழலத் தொடங்கியது. உளியை இரண்டு கையாலும் பிடித்து, இரும்புத் தாங்கியில் சாய்த்து, மெல்ல ஓட்டினார். கூர் சரியாக இருந்தால் சீவல் நீளமாகச் சுருண்டு விழும். மழுங்கிவிட்டால் பொடியாகக் கொட்டும். எபோனைட் உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடுமாம். அடிக்கொரு தரம் லேத்தை நிறுத்திச் சாணை பிடித்துக்கொண்டார். நிறுத்தும்போதெல்லாம் கட்டைவிரல் நகத்தை உடலோடு ஓட்டிப் பார்த்தார். கண்ணுக்குப் படாத மேடு நகத்தில் இடறுகிறது.

என்னைக் கட்டிப்போட்டது மூடியும் உடலும் சேரும் இடம். இரண்டையும் ஒரே தடியில் அடுத்தடுத்த துண்டுகளாக அறுத்து, முன்கூட்டியே சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு வைத்திருந்தார். மரை வெட்டிய பிறகு மூடியைத் திருகினால், மூடியின் பச்சை வரி உடலின் பச்சை வரியில் வந்து நிற்க வேண்டும். இந்தப் பேனாவில் மரை ஒரே இழையாக ஓடவில்லை, மூன்று இழைகள். சீக்கிரம் திறக்க அது வசதி. ஆனால் மூன்று வாயில் ஒரு வாயில்தான் வரி சேரும்.

“வாங்குறவங்க இதைப் பாப்பாங்களாண்ணே?”

“பாக்கிறவர் பாப்பார். பாக்காதவருக்கும் அதே வேலைதான்.”

ஜப்பானிலும் நமிகி போன்ற பேனாக்கள் சிலவற்றை எபோனைட் உடலில் செய்கிறார்கள். அதன்மேல் அரக்குப் பூசி, பொன்துகள் தூவி, மீனும் மலையும் வரைகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. திருவள்ளூர்க்காரர் மேலே எதையும் ஏற்றுவதில்லை; தேவையற்றதை எடுக்கிறார், அவ்வளவே. என் ஓட்டு இவருக்குத்தான். அதிலும் பஃப் சக்கரத்தில் கண்ணாடிபோல் மினுக்கியதைவிட, நீர்க்காகிதத்தோடு நிறுத்திய மங்கல் பேனாவே எனக்குப் பிடித்தது. விரல் வழுக்காது.

இந்தத் தொழிலுக்குத் தென்னாட்டில் சுதேசி வேர் உண்டு. ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் செய்த பேனாவைக் காந்தியிடம் சேர்ப்பித்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கடைகளில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-இல் காந்தி பாராட்டி எழுதினார். இன்று இதே ரகப் பேனாக்கள் பலவற்றில் ஜெர்மன் நிப் உட்கார்ந்திருக்கிறது. காந்தி என்ன சொல்லியிருப்பாரோ! நிப்புக்கு அடியில் மை இறக்கும் கட்டையை மட்டும் பெரியவர் எபோனைட்டிலேயே அறுக்கிறார். பிளாஸ்டிக்கைவிட அதில் மை நன்றாகப் பற்றும்.

எனக்கு ஒரே ஒரு குறை. பேனாவின் உடலில் கடைசல்காரர் பெயர் எங்கும் இல்லை. மூடியின் உள்விளிம்பிலாவது இரண்டெழுத்து பொறிக்கலாம். ஜப்பானியக் கலைஞர் தன் வேலையில் கையொப்பம் இடுகிறார்; நம்மவர் இடக்கூடாதா?

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. எபோனைட் பேனாவை வெயிலில் போட்டு வைக்காதீர்கள், நிறம் வெளிறிப் பழுப்பேறும். வெந்நீரில் கழுவாதீர்கள். டிராயிங் இங்க் ஊற்றவே ஊற்றாதீர்கள், கட்டை அடைத்துக்கொள்ளும். சாதாரணப் பேனா மை போதும்.