நீலம் எங்கே போனது?

புத்தகத்தில் பேரடை என்று எழுதுவார்கள். எங்கட வாயில் வருவது கலக்ஸி, அதையே எழுதுகிறேன்.

ஒரு கலக்ஸி மாறுவதை யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்க்கவும் ஏலாது. மனிதன் வானத்தைப் படமெடுக்கத் தொடங்கி இருநூறு வருஷம்கூட ஆகவில்லை, கலக்ஸிக்கோ எல்லாமே கோடிக்கணக்கில்தான். பிறகு எப்படி "முன்பு இப்படி இருந்தது, இப்போது இப்படி ஆனது" என்று சொல்கிறார்கள்?

தூரத்தை வைத்துத்தான். மீன ராசிப் பக்கம் சிஎல் 0024 என்று ஒரு கலக்ஸிக் கொத்து இருக்கிறது. நூற்றுக்கணக்கான கலக்ஸிகள் ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் இடம். அங்கிருந்து இன்று வந்து சேரும் ஒளி 400 கோடிக்கும் அதிகமான வருஷங்களுக்கு முன் கிளம்பியது. அப்போது பூமியே கைக்குழந்தை. ஆகவே நாங்கள் பார்ப்பது அந்தக் கொத்தின் பழைய படம். பக்கத்திலுள்ள கொத்துகளை அதோடு ஒப்பிட்டால் நடுவில் நடந்ததை ஊகிக்கலாம்.

1978இல் ஹார்வி புட்சர், அகஸ்டஸ் ஓம்லர் இருவரும் இதைத்தான் செய்தார்கள். கோமா மாதிரி பக்கத்துக் கொத்துகளின் நடுவில் கிட்டத்தட்ட எல்லாக் கலக்ஸியும் சிவப்பு, அதாவது கிழட்டு நட்சத்திரங்கள் மட்டும். நீலம் என்றால் புது நட்சத்திரம் இன்னும் பிறக்குது என்று அர்த்தம், ஏனென்றால் நீல நட்சத்திரங்களுக்கு ஆயுள் குறைவு. சிஎல் 0024இலும், தூரத்திலுள்ள இன்னொரு கொத்திலும் நீலம் எதிர்பாராத அளவுக்கு இருந்தது. அப்படியென்றால் நடுவில் ஏதோ நடந்து நீலம் அணைந்திருக்கிறது.

என்ன நடந்தது? கம்பளை பஸ்ஸில் புட்போர்டில் தொங்கிக்கொண்டு கெலிஓயா வந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே காற்றே இல்லாவிட்டாலும், பஸ் ஓடுகிற வேகத்துக்குத் தொப்பி பறக்கும். கொத்துக்குள் கோடிக்கணக்கான பாகை சூட்டில் மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது. அதற்குள் கலக்ஸி செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் கணக்கில் பாயும்போது அதன் சொந்த வாயு பின்னால் பிய்த்துக்கொண்டு போகிறது. நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், ஆனால் புதுசாகப் பிறக்க மூலப்பொருள் இல்லை. கன்னும் கோட்டும் 1972இலேயே இதைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். இது ஒரு காரணம்தான். கலக்ஸிகள் ஒன்றையொன்று உரசிப் போவது, வெளியிலிருந்து வாயு வருவது நிற்பது என்று வேறும் உண்டு. எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டை.

அதே சிஎல் 0024க்கு 2009இல் திரும்பப் போனவர் பிரியம்வதா நடராஜன். கோயம்புத்தூரில் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, யேல் பல்கலைக்கழகத்தில் இருப்பவர். அவரும் கூட்டாளிகளும் பார்த்தது கண்ணுக்குத் தெரியாத பகுதியை. ஒவ்வொரு கலக்ஸியையும் சுற்றிக் கரும்பொருளால் ஒரு போர்வை இருக்கிறது. அது பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கும், அந்த வளைவிலிருந்து எடையைக் கணக்கிடலாம். ஹபிள் படங்களை வைத்துப் பார்த்தால், கொத்தின் நடுவில் இருப்பவற்றின் போர்வை ஓரத்தில் இருப்பவற்றைவிட மிகச் சின்னது. கொத்தின் ஈர்ப்பு அதை உரித்துவிட்டது. வாயு மட்டுமில்லை, போர்வையும் போகிறது! எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். 2020இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. கொத்துகளுக்குள் இருக்கும் சின்னக் கரும்பொருள் திரள்கள், கணினி மாதிரிகள் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக ஒளியை வளைக்கின்றனவாம். ஒன்றில் மாதிரியில் பிழை, இல்லாவிட்டால் கரும்பொருளைப் பற்றி நாங்கள் நினைப்பதில் பிழை.

வீட்டில் இதை ஆர்வமாகச் சொன்னேன். உம்மா கேட்டார்: "நீலமோ சிவப்போ, அதுக்கு சம்பளம் தருவாங்களா மகன்?" நியாயமான கேள்வி. இசட் புள்ளி வந்துவிட்டது, கம்பஸ் விண்ணப்பத்தில் எதை முதலாவதாகப் போடுவது என்று இந்தக் கிழமை முடிவெடுக்க வேண்டும். மாமா இன்ஜினியரிங் என்கிறார். வானியலிலும் ஒரு இசட் உண்டு. ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்தது என்ற அளவு அது, சிஎல் 0024க்கு 0.39. என்ட இசட்டை விட அதைப் பற்றிக் கதைக்கத்தான் எனக்கு விருப்பம். மாமாவுக்கு அது சிரிப்பு.

ஆனால் ஒன்றில் மாமாவோடு ஒத்துப்போகிறேன். சிஎல் 0024 வளர்ந்து கோமாவாக ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒரு ஊர்ப் பிள்ளைகளின் படத்தையும் இன்னொரு ஊர்க் கிழவர்களின் படத்தையும் வைத்து, ஒரே ஆளின் வாழ்க்கையைச் சொல்வது மாதிரித்தான் இந்த ஒப்பீடு. அதனால்தான் ஒன்றிரண்டு கொத்து போதாது, வேறு வேறு தூரங்களில் நிறையப் பார்க்க வேண்டும்.

ஹபிள் படங்கள் இலவசம், டேட்டா மட்டும் போகும். போன சனிக்கிழமை நானும் கூட்டாளி ஒருவனும் போன் திரையில் சிஎல் 0024 படத்தைப் பெரிதாக்கி நீலத்தை எண்ணினோம். எனக்கு ஒரு கணக்கு, அவனுக்கு வேறு. கொத்துக்கு முன்னால் நிற்பது எது, பின்னால் நிற்பது எது என்று படத்தில் தெரியாது. படத்திலேயே, பின்னாலுள்ள ஒரே நீலக் கலக்ஸி ஒளி வளைந்து ஐந்து இடத்தில் தெரிகிறது. அவன் ஐந்தையும் எண்ணியிருக்கிறான். ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்து இசட் பார்த்தால்தான் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று தெரியும். அடுத்த சனிக்கிழமை அந்தப் பட்டியலைத் தேடி எடுத்து, இரண்டு பேரும் முதலிலிருந்து எண்ணுவதாக இருக்கிறோம்.