கேட்பது யார்?

எங்கள் ஊர் நெம்மேலி. 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்துதான் நான் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறேன். கடல்நீரை அப்படியே குழாயில் விட்டால் யாரால் குடிக்க முடியும்? வடிகட்டி, உப்பை நீக்கிய பிறகல்லவா அது சென்னைக்குப் போகிறது! இந்த எளிய உண்மை எனக்கு இவ்வாண்டு கணிப்பொறி அறையில்தான் உறைத்தது.

வகுப்புத் தேர்வு மதிப்பெண்களைக் காட்டும் பக்கம் ஒன்றைப் பி.எச்.பி. மொழியில் தயாரித்தேன். ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995-இல் வெளியிட்ட மொழி இது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும் இதில்தான் எழுதப்பட்டுள்ளது. பக்கத்தின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எழுதுபவை சர்வரில் 'கெட்' என்னும் பெட்டியில் வந்து சேரும். அதிலிருந்து வரிசை எண்ணை எடுத்து, அதற்குரிய மதிப்பெண்ணைக் காட்டச் செய்தேன். ஒரே வரியில் வேலை முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் ஒருத்தி முகவரியில் இருந்த 14-ஐ 23 என்று மாற்றினாள். கணக்கில் தவறிய ஒரு தோழியின் மதிப்பெண் திரையில் தோன்றியது. யாரோ உரக்கப் படித்தும்விட்டார்கள். அன்று மதியம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எண்ணை வாங்கிக்கொண்டாய். கேட்பது யார் என்று விசாரித்தாயா?" என்றார்கள்.

முகவரியில் தெரியாதபடி 'போஸ்ட்' முறையில் எண்ணை அனுப்பிப் பார்த்தேன். அதையும் அனுப்புகிறவர் மாற்றிவிடலாம் என்று சிஸ்டர் செய்தே காட்டினார்கள். கண்ணுக்கு மறைந்திருப்பது வேறு, காவலில் இருப்பது வேறு! இறுதியில், கடவுச்சொல் சரியாக இருந்தால் மட்டும் வரிசை எண்ணைச் சர்வரிலேயே 'செஷன்' பெட்டியில் வைத்து, அங்கிருந்தே எடுக்கும்படி மாற்றினேன்.

பெரியவர்களும் இப்படி இடறியிருக்கிறார்கள். முன்பு இம்மொழியில், வெளியிலிருந்து எந்தப் பெயரில் எது வந்தாலும் அது நிரலுக்குள் தானே நுழைந்துவிடும். 2002-இல் அவ்வழக்கத்தை இயல்பு நிலையில் நிறுத்தினார்கள். 2012-இல் அடியோடு நீக்கினார்கள்.

நான் அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டு, புதிய பக்கத்தை முதலில் அவளிடமே கொடுத்தேன். அவள் முகவரியில் 14, 15, 30 என்று எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவளுடைய மதிப்பெண் மட்டுமே வந்தது. "இப்போது சரி" என்று சிரித்தாள்.

வாசலில் வருவதை வாங்குமுன் விசாரிப்போம், தோழியரே! நம்மை நம்பி ஒப்படைத்தது பிறருடைய மானமாகவும் இருக்கலாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி