கோடிங்குக்கு முன் ஒரு கட்டு அட்டை!

புது புராஜெக்ட் வந்ததும் பலருடைய விரல்கள் நேராக கீபோர்டுக்குத்தான் போகும். உட்கார்ந்து யோசித்தால் நேரம் வீண், டைப் செய்தால்தான் வேலை என்றொரு நினைப்பு. அதன் விலை சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும். ஒரு சின்ன மாற்றம் கேட்பார்கள். பத்து இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும்.

1989-ல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் என்ற இரு அமெரிக்க புரோகிராமர்கள் இதற்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். கம்ப்யூட்டரே வேண்டாம், சின்னச் சின்ன அட்டைகள் போதும். 'சிஆர்சி கார்டு' என்று அதற்குப் பெயர். மேலே கிளாஸின் பெயர், இடது பக்கம் அதன் பொறுப்புகள், வலது பக்கம் அதற்கு உதவும் மற்ற கிளாஸ்கள். அவ்வளவுதான். இதே கன்னிங்ஹாம்தான் 1995-ல் உலகின் முதல் விக்கி தளத்தையும் தொடங்கியவர்.

நூலகத்துக்கு ஒரு சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்வோம். புத்தகம், உறுப்பினர், இரவல் என மூன்று அட்டைகள். தாமதமாக வந்த புத்தகத்துக்கு அபராதத்தை யார் கணக்கிடுவது? புத்தகத்துக்குத் தேதி தெரியாது. உறுப்பினர் கையிலோ நான்கு புத்தகங்கள், நான்கு தேதிகள். திருப்பித் தர வேண்டிய நாள் 'இரவல்' அட்டையிடம்தான் இருக்கிறது. தகவல் யாரிடமோ, வேலையும் அவரிடமே. நல்ல டிசைனின் முதல் பாடம் இது.

பொறுப்பைப் பிரிக்காத கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். பூக்காரருக்குப் பணம், சமையற்கட்டுச் சாவி, மாப்பிள்ளை வீட்டாருக்கு வேன்... எல்லாம் ஒரே பெரியப்பாவிடம். அவர் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் மண்டபமே நின்றுபோகும். சாஃப்ட்வேரிலும் அப்படியொரு 'பெரியப்பா கிளாஸ்' உருவாகிவிடும். அட்டை சிறியதாக இருப்பதன் பலன் இங்கேதான். ஓர் அட்டையில் பொறுப்புகள் எழுத இடம் போதவில்லையா? அதை இரண்டாகப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்து, குழுவில் ஆளுக்கோர் அட்டையை எடுத்துக்கொண்டு கதையை நடத்திப் பார்க்க வேண்டும். "புத்தகம் தொலைந்துவிட்டது. இப்போது யார் என்ன செய்வீர்கள்?" எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், டிசைனில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கோடிங் தொடங்கும் முன்பே அது தெரிந்துவிட்டது என்பதுதான் லாபம்.

தவறான அட்டையைக் கிழித்துப் போட யாருக்கும் மனம் வலிக்காது. மூன்று வாரம் கண்விழித்து எழுதிய கோடிங்கை அழிக்க யாருக்கு மனம் வரும்? தப்பென்று தெரிந்தும் ஒட்டுப்போட்டு ஓட்டத்தான் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிட முடியாது. அட்டைகள் வழியில் மாறும், மாறட்டும். ஆனால், நாளை இந்த புரோகிராமைத் திறக்கப்போவது, நீங்கள் பார்த்தே இராத ஒரு புது ஜூனியராக இருக்கலாம். எந்த வேலை எங்கே நடக்கிறது என்று தேடியே அவர் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாமல் தவிக்க வேண்டுமா என்பதை, இன்று நீங்கள் செலவிடும் ஒரு மணி நேரம்தான் முடிவு செய்கிறது.