ஏட்டில் ஏறாத காட்டுப்புகையிலை

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எங்கள் தெருவில் இளைப்புக்காரர்கள் அதிகம். ஒரு ஞாயிறு, படிப்பு வட்டத்தில் பேச்சு அதில் போனபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டி, "எங்க மலையில இதுக்குக் காட்டுப்புகையிலை இருந்துச்சு" என்றார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் அவர்.

"குறும்பர் வீட்டம்மா ஒருத்திதான் காட்டிக் கொடுத்தா. காஞ்ச இலையைக் கொளுத்திப் புகையை இழுக்கணும். கொஞ்சமாத்தான். மிஞ்சினா வாந்தி எடுத்து உசுரே போயிரும்."

தேடிப் படித்தோம். லொபீலியா நிக்கோட்டியானிஃபோலியா. மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்சரிவுகளில் ஆளுயரம் தாண்டி வளரும். குழல் போன்ற தண்டு, வெள்ளைப் பூ. இலைதான் புகையிலை மாதிரி, குடும்பம் வேறு. அதிலுள்ள லொபெலின் சிறிதளவில் மூச்சைத் தூண்டும், அதிகமானால் மூச்சை அடக்கும். பாட்டி சொன்ன அதே எச்சரிக்கை. (தோழர்களே, யாரும் பறித்துப் புகைக்க வேண்டாம். இளைப்புக்கு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.)

இதன் உறவுச் செடி ஒன்று அமெரிக்காவில் உண்டு. அங்குள்ள பூர்வகுடிகள் மருந்தாகப் பயன்படுத்தியது. சாமுவேல் தாம்சன் என்பவர் அதைச் சிறுவயதில் தானே கண்டறிந்ததாகச் சொல்லிக்கொண்டார். அதை முக்கிய மருந்தாகக் கொண்ட தன் வைத்திய முறைக்கு 1813இல் காப்புரிமையும் வாங்கினார்.

இங்கே கதை இன்னும் நாசூக்கானது. மூலிகையை வைத்துச் சம்பாதிப்பவர்கள் அதைக் காத்த மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்றது 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம். 2023 திருத்தமோ, நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு அந்தப் பொறுப்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. எந்த நூல்கள்? 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் பட்டியலில் உள்ள ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்கள். எழுத்து மறுக்கப்பட்டவர்கள் வாயால் சொன்னது ஏட்டில் ஏறிவிட்டால், சொன்னவர்களுக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்லை! எழுதியவன் அறிவாளி, சொன்னவள் காட்டுவாசி என்ற பழைய கணக்கேதான் இது.

இதில் நமக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 'நம்ம பாட்டி வைத்தியம்' என்று போஸ்டர் போட எங்களில் சிலர் கிளம்பிவிட்டார்கள். பாட்டி நம் சேரிக்காரர்தான். ஆனால் அறிவு குறும்பருடையது. போஸ்டரை நிறுத்திவிட்டு, காட்டிக் கொடுத்த அந்த அம்மாவின் பெயரைப் பாட்டியிடம் கேட்டோம்.

வெகுநேரம் யோசித்தார்.

"பேரெல்லாம் அப்ப யாருய்யா கேட்டா?"